சேதப் படிவத்தில் இல்லாத கட்டம்

வெள்ளம் வடிந்த மறுவாரம் சேத விவரப் படிவம் ஒன்றை நிரப்பினேன். சுவர், கட்டில், குளிர்சாதனப் பெட்டி, இருசக்கர வாகனம் என ஒவ்வொன்றுக்கும் ஒரு கட்டம் இருந்தது. அந்தக் குளிர்சாதனப் பெட்டிக்குள் மின்சாரமில்லாமல் வீணாய்ப்போன அம்மாவின் இன்சுலினுக்குக் கட்டம் இல்லை. சேற்றில் நடந்து அவர் காலில் வந்த புண் ஆற மூன்று மாதம் ஆனது. இன்றும் இரவில் மழைச் சத்தம் கேட்டால் எழுந்து விளக்கைப் போட்டு, வாசற்படி ஈரமாக இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் படுக்கிறார்.

வெள்ளம் தரும் நோயையும் மனக்காயத்தையும் பணமாகக் கணக்கிட்டு இழப்பில் சேர்க்க வேண்டும் என்றால், “உடல்நலத்துக்குப் போய் விலை போடுவதா?” என்று பலர் முகம் சுளிக்கிறார்கள். எனக்கும் அந்தக் கூச்சம் இருந்தது. இப்போது இல்லை. கரையை உயர்த்தலாமா, வடிகாலை அகலப்படுத்தலாமா என்று முடிவெடுப்பவர்கள் ஒரு பக்கம் செலவையும் மறுபக்கம் தவிர்க்கப்படும் இழப்பையும் எழுதிப் பார்க்கிறார்கள். அங்கே எழுதப்படாத நோய்க்கு மதிப்பு பூஜ்யம்தான்.

நோய்கள் தண்ணீரோடு வடிந்துவிடுவதில்லை. எலிக்காய்ச்சல் பெரும்பாலும் ஒன்றிரண்டு வாரம் கழித்துத்தான் தலைகாட்டும். தேங்கிய நீரில் கொசு பெருகி டெங்கு பரவ இன்னும் சில வாரம். மனக்காயத்துக்கோ கெடுவே கிடையாது. இங்கிலாந்தில் 2013-14 குளிர்கால வெள்ளத்தில் வீட்டுக்குள் நீர் புகுந்தவர்களை ஓராண்டு கழித்து ஆராய்ந்தார்கள். 36 சதவீதம் பேரிடம் பேரதிர்ச்சிக்குப் பிந்தைய மனஉளைச்சலின் அறிகுறிகள் இருந்தன. 28 சதவீதம் பேரிடம் பதற்றம், 20 சதவீதம் பேரிடம் மனச்சோர்வு. அந்நாட்டில் இப்போது வெள்ளத்தடுப்புத் திட்டங்களின் மதிப்பீட்டில் மனநல பாதிப்பையும் பணமாக்கிச் சேர்க்கிறார்கள்.

எப்படி மதிப்பிடுவது என்பதில்தான் என் சண்டை. இழந்த கூலியையும் மருந்துச் செலவையும் மட்டும் கூட்டினால், சம்பளம் வாங்காத முதியவரும் குழந்தையும் வீட்டைச் சுமக்கும் பெண்ணும் ஏறக்குறைய எதையுமே இழக்காதவர்களாகிவிடுவார்கள். “இந்தத் துன்பம் வராமலிருக்க எவ்வளவு கொடுப்பீர்கள்?” என்று கேட்டு மதிப்பிடும் முறையும் உண்டு. கையில் காசில்லாதவர் சின்னத் தொகையைத்தான் சொல்வார். தாழ்வான நிலத்தில் குடியிருப்பவரும் பெரும்பாலும் அவரே! நோயால் பறிபோன ஆரோக்கியமான ஆண்டுகளை எண்ணி, ஓர் ஆண்டுக்கு எல்லோருக்கும் ஒரே தொகை வைப்பதே எனக்கு நியாயமாகப் படுகிறது. தூக்கம் கெட்ட இரவுகளை அதில் எப்படி எடைபோடுவது என்று கேட்டால், வாதாடுவோம். வாதாடவாவது ஓர் எண் வேண்டும்.

படிவத்தின் கடைசியில் ‘இதர’ என்றொரு வரி இருந்தது. அதில் அம்மாவின் இன்சுலினையும் கால் புண்ணுக்கு ஆன செலவையும் எழுதினேன். வாங்கிப் பார்த்தவர், “பொருள் சேதம் மட்டும்தான்” என்று சொல்லி, அந்த வரியைப் பேனாவால் அடித்துவிட்டு முத்திரை குத்தினார்.