அண்ணாச்சி, நீங்க கலிலியோ இல்லை

திருநெல்வேலிப் பக்கம் எந்த டீக்கடையில் உட்கார்ந்தாலும் ஒரு கலிலியோ அகப்பட்டுவிடுகிறார். எங்கள் தெருவிலும் ஒருவர் உண்டு. ஒரு தகரப் பெட்டிக்குள் காந்தங்களை அடுக்கி வைத்திருக்கிறார். டீசல் வேண்டாம், வெயில் வேண்டாம், காற்று வேண்டாம், ஆயுசுக்கும் கரண்ட் வருமாம். "உள்ளே எதுவும் போகாமல் வெளியே எப்படி அண்ணாச்சி வரும்?" என்று கேட்டால் போதும். "கலிலியோவையும் அன்னைக்கு இப்படித்தான் வே கேலி பண்ணுனாங்க" என்று ஒரே போடு. சுற்றியிருப்பவர்களும் தலையாட்டுகிறார்கள். பற்றிக்கொண்டு வருகிறது எனக்கு.

ஜெயிலுக்குப் போனவரெல்லாம் வ.உ.சி. என்றால், பாளையங்கோட்டை ஜெயில் முழுக்கக் கப்பலோட்டிய தமிழர்கள்தான் இருக்க வேண்டும்!

கலிலியோ என்ன செய்தார்? 1610 ஜனவரியில் வியாழனைச் சுற்றும் நிலவுகளைப் பார்த்தார். எந்த இரவில் எது எங்கே நின்றது என்று படம் போட்டு, மார்ச் மாதமே புத்தகமாக வெளியிட்டார். நல்ல தொலைநோக்கி இருந்தால் யாரும் சரிபார்க்கலாம். பார்த்தார்கள். மறுவருடமே ரோமில் இருந்த இயேசு சபை வானியலாளர்கள் (நம்ம பாளை சேவியர் கல்லூரியை நடத்தும் அதே சபைதான்) நிலவுகள் உண்மைதான் என்று ஒப்புக்கொண்டார்கள். பூமிதான் சூரியனைச் சுற்றுகிறது என்று வாதாடியதற்காக 1633ல் அவரைத் தண்டித்தது திருச்சபையின் விசாரணை மன்றம். கணக்கில் பிழை கண்டுபிடித்த வாத்தியார்கள் அல்ல.

இன்னொன்றை இந்த அண்ணாச்சிகள் யாரும் சொல்வதில்லை. கடல் ஏறி இறங்குவதற்குப் பூமி நகர்வதே காரணம், நிலவுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்று அதே கலிலியோ வாதாடினார். தப்பு. அமாவாசைக்கும் பௌர்ணமிக்கும் கடல் என்ன செய்யும் என்று உவரியில் வலை இழுப்பவரைக் கேட்டால் சொல்வார். வீட்டுக்காவலில் கிடந்தே செத்தார் என்பதற்காக அந்தத் தப்பு சரியாகிவிட்டதா?

பணகுடிக்குப் பக்கத்தில், இஸ்ரோ ராக்கெட் இன்ஜின்களை ஓட்டிச் சோதிக்கும் மகேந்திரகிரி இருக்கிறது. நம்ம நாட்டுக் கிரையோஜெனிக் (கடுங்குளிரில் திரவமாக்கிய எரிபொருளில் ஓடும்) இன்ஜினோடு 2010 ஏப்ரலில் கிளம்பிய ராக்கெட் கடலில் விழுந்தது. 'உலகம் எங்களைப் புரிந்துகொள்ளவில்லை' என்று யாராவது புலம்பினார்களா? எரிபொருள் பம்ப் நின்றதைக் கண்டுபிடித்து, திருத்தி, மகேந்திரகிரியில் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்து, 2014 ஜனவரியில் பறக்கவிட்டார்கள்.

நம்ம அண்ணாச்சியிடம் பெட்டி மூடியைத் திறக்கச் சொல்லுங்கள், பார்ப்போம். திறந்தால் பேடன்ட் போய்விடுமாம். பேடன்டுக்கு மனுப் போட்டுவிட்டேன் என்பவரும் அவரேதான்! வேலை செய்யும் விதத்தை எழுதிக் கொடுத்தால்தானே அய்யா பேடன்டே கிடைக்கும்? அதைச் சொன்னால், நான் கம்பெனிக்காரன்களிடம் காசு வாங்கிவிட்டேனாம்.