ஒப்பந்ததாரரிடம் விட்டாலும் சம்பளப் பொறுப்பு நீங்குவதில்லை

காவல், துப்புரவு போன்ற வேலைகளை ஒப்பந்ததாரரிடம் கொடுத்துவிட்டால் அந்தத் தொழிலாளர்களின் சம்பளத்துக்கு நிறுவனம் எவ்விதத்திலும் பொறுப்பாகாது என்று சிலர் எழுதியிருக்கிறார்கள். இந்தியச் சட்டம் அப்படிச் சொல்லவில்லை என்பதைப் பணிவுடன் குறிப்பிட விரும்புகிறேன்.

சம்பளம் தரவேண்டிய முதல் பொறுப்பு ஒப்பந்ததாரருடையது என்பது சரியே. ஆனால் அவர் உரிய காலத்தில் தராமலோ குறைத்தோ கொடுத்தால், நிலுவையை முதன்மை வேலையளிப்பவரான நிறுவனமே செலுத்திவிட்டு, பின்னர் அதை ஒப்பந்ததாரரிடமிருந்து வசூலித்துக்கொள்ள வேண்டும் என்று 1970ஆம் ஆண்டின் ஒப்பந்தத் தொழிலாளர் சட்டம், 21ஆம் பிரிவின் 4ஆம் உட்பிரிவில் கூறியது. அதற்கு மாற்றாக இயற்றப்பட்ட 2020ஆம் ஆண்டின் பணியிடப் பாதுகாப்புச் சட்டத்தொகுப்பும் 55ஆம் பிரிவில் இதே பொறுப்பை வைத்திருக்கிறது. குறைந்தது எத்தனை ஒப்பந்தத் தொழிலாளர்கள் இருந்தால் சட்டம் பொருந்தும் என்ற வரம்பு, பழைய சட்டத்தில் 20 என்றிருந்தது, புதியதில் 50 ஆகியிருக்கிறது. அப்படி எழுதியவர்களின் குழப்பம் இதனால் வந்திருக்கலாம். வரம்பு உயர்ந்தது உண்மை, பொறுப்பு ஒழிந்தது உண்மையல்ல.

என் சொல்லை நம்பவேண்டியதில்லை. மத்திய அரசின் இந்தியா கோட் (India Code) தளத்தில் புதிய சட்டத்தொகுப்பின் ஆங்கிலப் பெயரை (Occupational Safety, Health and Working Conditions Code, 2020) தேடி, 55ஆம் பிரிவை யாரும் இலவசமாகப் படிக்கலாம். ஒரு பக்கம்கூட வராது. வெளியே கொடுப்பதா வேண்டாமா என்று செலவுக் கணக்குப் போடுகிறவர்கள், ஒவ்வொரு மாதமும் ஒப்பந்ததாரரின் பில்லுக்குப் பணம் விடுவிக்கும் முன் தொழிலாளர்களின் வங்கிக் கணக்கில் சம்பளம் சேர்ந்ததற்கான சான்றைக் கேட்டுப் பார்க்கும் வேலையையும் அந்தக் கணக்கில் சேர்த்துக்கொள்வது நல்லது.