அக்கா மகன் கேட்ட ஜப்பான் பேண்டுகள்

அக்கா மகன் இன்ஜினியரிங் இரண்டாம் வருடம் படிக்கிறான். அனிமே (ஜப்பான் கார்ட்டூன் தொடர்கள்) பைத்தியம். போன வாரம் வாட்ஸப்பில் வந்தான்: "மாமா, நீங்க ஜப்பான்ல நாலு வருஷம் இருந்தீங்கல்ல, பசங்க கேக்குற மாதிரி ராக் பேண்டு சொல்லுங்க."

"பசங்களுக்கு" என்றாலே எல்லோரும் நீட்டுகிற பட்டியல் எனக்குத் தெரியும். வேகம், இரைச்சல், சிலுப்பிய தலைமுடி. அந்தப் பட்டியலில் முதலில் வரும் எக்ஸ் ஜப்பான் பேண்டை நான் குறை சொல்லவில்லை. அவர்களின் டிரம்மர் யோஷிகி டிரம்ஸை அடித்து நொறுக்கிவிட்டு அதே கையோடு பியானோவில் போய் உட்காருவதை வாய் பிளந்து பார்த்தவன்தான் நானும். ஆனால் அவர்கள் ஏதோ வேற்றுக்கிரகத்து அரசர்கள் மாதிரி. இருபது வயதில் ஒரு பெண்ணிடம் நேரம் கேட்கவே நாக்கு ஒட்டிக்கொள்கிறவனுக்கு அரசர்களால் என்ன பயன்? ஜப்பான் ராக்கின் உயிர் கூச்சக்காரர்களிடம் இருக்கிறது என்பது என் கட்சி. ரயிலில் பக்கத்தில் நின்றால் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டோம், அப்படி ஒரு ஆள். குரலும் சுமார்தான். ஆனால் மைக் கிடைத்ததும் தொண்டை கிழியக் கத்துவான்.

முதலில் அவனுக்குத் தெரிந்த இடத்திலிருந்தே தொடங்கினேன். 'நருட்டோ' அனிமேயின் இரண்டாவது தொடக்கப் பாட்டான 'ஹருகா கனாட்டா' ஏஷியன் குங்ஃபூ ஜெனரேஷன் என்ற பேண்டுடையது. பெயரைப் பார்த்து அடிதடிக் கூட்டம் என்று நினைத்துவிட வேண்டாம். 1996இல் யோகொஹாமாவில், கல்லூரி இசைக் குழுவில் சந்தித்துக்கொண்ட நாலு பையன்கள். முன்னால் நின்று பாடும் கோதோ மசஃபுமி மூக்குக்கண்ணாடி போட்ட சாதுவான ஆசாமி. 2004இல் வந்த 'சோல்ஃபா' ஆல்பத்தை 2016இல் முழுசாக மறுபடியும் பதிவு செய்தார்கள். புதியது சுத்தமாக இருக்கிறது, எனக்குப் பழையதுதான். 'போச்சி தி ராக்' அனிமேயில் வரும் நாலு பெண்களின் குடும்பப் பெயர்கள் கோதோ, கிட்டா, யமடா, இஜிச்சி. இந்த பேண்டின் நாலு பேரின் குடும்பப் பெயர்களேதான். பன்னிரண்டு எபிசோடையும் இரண்டு தடவை பார்த்த மருமகனுக்கு இது தெரியவில்லை. மாமாவுக்கு ஒரு புள்ளி.

அடுத்தது தி ப்ளூ ஹார்ட்ஸ். 1985இல் தொடங்கி 1995இல் கலைந்துபோன பங்க் குழு. 'லிண்டா லிண்டா' பாட்டு சாக்கடை எலியின் அழகை ஏங்கிப் பாடுவதில் ஆரம்பிக்கும். முதலில் நிதானமாகப் போகும், அப்புறம் திடீரென்று பாடகர் ஹிரோத்தோ எம்பிக் குதிக்கத் தொடங்கிவிடுவார். இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை, கேட்டால் போதும்.

நம்பர் கேர்ள்தான் நான் மணிக்கணக்காகப் பேசக்கூடிய பேண்டு. 1995இல் ஃபுகுஒகாவில் தொடங்கியது. பாடி, கிட்டாரும் வாசிக்கும் முகாய் ஷூதொகுவைச் சட்டையும் கண்ணாடியுமாகப் பார்த்தால் தாலுகா ஆபீஸ் கிளார்க் என்றே சொல்வீர்கள். தோக்கியோவில் பேர் வாங்கிய பிறகும், "ஃபுகுஒகா நகரம், ஹகாத்தா வார்டிலிருந்து வந்திருக்கிறோம், நம்பர் கேர்ள்" என்றுதான் மேடையில் அறிமுகம் செய்துகொள்வார். எனக்கு அந்த ஊர்ப்பாசம் பிடிக்கும். அவர் பக்கத்தில் தபுச்சி ஹிசாகோ அசையாமல் நின்றபடி கிட்டாரை ரம்பம் மாதிரி அறுப்பார். பாட்டு அந்த இரைச்சலுக்குள் பாதி மூழ்கியிருக்கும். "வார்த்தையே கேக்கல மாமா" என்றான் இவன். எனக்கும் அப்படித்தான் இருந்தது, ஜப்பானிய மொழி படித்த பிறகும். நாலு பேர் எதிரே வாயைத் திறக்க முடியாதவனின் மண்டைக்குள் ஓடும் சத்தம் அப்படித்தானே இருக்கும்? 2000இல் வந்த 'சப்புகெய்' நல்ல ஆல்பம். ஆனால் முதலில் கேட்க வேண்டியது 2002 நவம்பரில் சப்போரோவில் கலைந்துபோன இரவின் நேரடிப் பதிவு. "டிரம்ஸ், அஹித்தோ இனசாவா" என்று முகாய் பெயரைக் கூவியதும் அடி விழும் பாருங்கள்! 2019இல் மறுபடியும் சேர்ந்தார்கள், 2022 டிசம்பரில் மறுபடியும் கலைந்தார்கள்.

இந்த மாதிரிக் கூட்டமெல்லாம் வளர்வது 'லைவ் ஹவுஸ்' என்கிற சின்னச் சின்ன நிலவறை அரங்குகளில். தோக்கியோவின் ஷிமோகிதசாவா பகுதியில் அப்படி ஒன்றுக்கு முதன்முதலாகப் போனபோது, டிக்கெட் போக, குடிக்க எதையாவது கட்டாயம் வாங்கியே ஆக வேண்டும் என்று 500 யென் கேட்டார்கள். எனக்குக் கொஞ்சம் எரிச்சல். அப்புறம்தான் மேடையில் நிற்பவர்கள் நிலைமை தெரிந்தது. பல இடங்களில் புதுப் பேண்டுகளுக்கு இத்தனை டிக்கெட் விற்றுத் தர வேண்டும் என்று கணக்கு உண்டு. அதற்கு 'நொருமா' என்று பெயர். விற்காத டிக்கெட்டுக்குப் பையன்கள் கைக்காசைப் போட வேண்டும். அன்றைக்குக் கீழே பதினைந்து பேர் இருந்திருப்போம். மேடையில் இருந்தவர்கள் பதினைந்தாயிரம் பேருக்கு வாசிப்பதுபோல் வாசித்தார்கள். காதுக்குப் பஞ்சு கொண்டுபோகாதது என் தப்பு.

ஈஸ்டர்ன் யூத்தும் வேண்டும். 1988இல் சப்போரோவில் ஆரம்பித்தவர்கள், பழைய கவிதை வாடையடிக்கும் ஜப்பானிய மொழியில் பாடுகிறவர்கள். பாடகர் யோஷினோ ஹிசாஷிக்கு 2009இல் மாரடைப்பு வந்தது. தேறி மேடைக்குத் திரும்பியவர் இன்னும் அதே அடிவயிற்றுக் கத்தல்தான்.

கடைசியாக ஃபிஷ்மான்ஸ். இவர்கள் கத்துவதே இல்லை. 1996இல் வந்த 'லாங் சீசன்' முழு ஆல்பமும் 35 நிமிடத்துக்கு ஒரே பாட்டு. சதோ ஷின்ஜியின் குரல் பதின்வயதுப் பையன் முனகுவது போலிருக்கும். 1998 டிசம்பர் 28 அன்று தோக்கியோவில் நடந்த கச்சேரியின் பதிவுக்கு 'ஆண்களின் பிரிவு' என்கிற பொருளில் பெயர். பேஸ் கிட்டார் வாசிக்கும் கஷிவபாரா குழுவை விட்டு விலகுகிறார் என்பதால் வைத்தது. மூன்று மாதம்கூட ஆகவில்லை, 1999 மார்ச்சில் சதோ இறந்துபோனார். வயது 33.

மருமகன் வண்டி ஓட்டும்போது போட்டுக்கொள்ளத்தான் பாட்டுக் கேட்டான். இதை வண்டியில் போடாதே, ராத்திரி விளக்கை அணைத்துவிட்டுக் கேள் என்று சொல்லியிருந்தேன். நேற்று ராத்திரி ஒன்றரை மணிக்கு அவனிடமிருந்து ஒரு வரி: "மாமா, தூங்கிட்டீங்களா?"