சமாரியப் பெண்ணைப் பற்றி ஒரு திருத்தம்

சகோதரி, பெண்கள் குழுப் பாடத்துக்காக நீங்கள் எழுதிய குறிப்பில், கிணற்றருகே இயேசுவோடு பேசிய சமாரியப் பெண் விபச்சாரி, ஊருக்குப் பயந்துதான் உச்சி வெயிலில் தண்ணீர் எடுக்க வந்தாள், இயேசு அவள் பாவத்தை மன்னித்தார் என்று இருக்கிறது. அந்தக் கதை வரும் யோவான் சுவிசேஷம் 4-ஆம் அதிகாரத்தை ஒருமுறை மெதுவாக வாசித்துப் பாருங்கள். இந்த மூன்றுமே அங்கே இல்லை.

ஐந்து புருஷர் இருந்தார்கள், இப்போது இருப்பவன் புருஷன் அல்ல. அவ்வளவுதான் இயேசு சொல்கிறார். ஐந்து பேரும் இறந்தார்களா, தள்ளிவிட்டார்களா என்று வசனம் சொல்லவில்லை. லூக்கா 20-இல் சதுசேயர் என்ற யூதப் பிரிவினர் சொல்லும் கதையில் ஒரு பெண் ஏழு சகோதரருக்கு மனைவியாகி ஏழு பேரையும் இழக்கிறாள். அவளை நாம் விபச்சாரி என்பதில்லையே! ஆறாவது மனிதன் விஷயம் நெருடல்தான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அதற்கும் காரணம் சொல்லப்படவில்லை.

‘பாவம்’, ‘மன்னிப்பு’ என்ற சொற்களே இந்த உரையாடலில் இல்லை. ‘இனிப் பாவஞ்செய்யாதே’ என்பது யோவான் 8-இல் விபச்சாரத்தில் பிடிபட்ட வேறொரு பெண்ணிடம் சொன்னது. நீங்கள் இரண்டையும் கலந்துவிட்டீர்கள் என்று நினைக்கிறேன்.

அப்புறம் அந்த ஆறாம்மணி வேளை, அதாவது நண்பகல். அவள் வெட்கப்பட்டு வந்தாள் என்பது பிரசங்கத்தில் கேட்டுக் கேட்டுப் பழகிய ஊகம். குடத்தை வைத்துவிட்டு நேராக ஊருக்குள் போய் எல்லாரையும் கூப்பிடுகிறாளே, ஒளிந்து திரிகிறவள் அப்படிச் செய்வாளா? அவள் சொல்லை நம்பி ஊரில் அநேகர் விசுவாசித்தார்கள் என்று 39-ஆம் வசனம் சொல்கிறது.

குழுவில் பேசும்போது எங்கே தொழுவது என்று அவள் கேட்ட கேள்விக்கு நேரம் ஒதுக்குங்கள்.