கொரோனா வாடகை தள்ளுபடின்னு சுத்துற மெசேஜ்

'லாக்டவுன் கால வாடகைய மத்திய அரசு மொத்தமா தள்ளுபடி பண்ணிடுச்சு, ஹவுஸ் ஓனர் கேட்டா ஜெயில்'னு ஒரு வாட்ஸ்அப் ஃபார்வர்டு திரும்ப சுத்துது. தப்பு. 2020 மார்ச் 29ல உள்துறை அமைச்சகம் போட்ட ஆர்டர்ல, வாடகைக்கு இருக்குற தொழிலாளர்கள்கிட்ட, வெளியூர்ல இருந்து வந்தவங்களயும் சேத்து, ஒரே ஒரு மாசம் வாடகை கேக்கக்கூடாதுன்னுதான் இருக்கு, தள்ளுபடிங்கற பேச்சே இல்ல. தொழிலாளர்களயோ ஸ்டூடண்ட்ஸயோ வீட்ட காலி பண்ண சொல்லி கட்டாயப்படுத்துனா பேரிடர் மேலாண்மை சட்டம் 2005ல நடவடிக்கைன்னும் அதே ஆர்டர்ல இருந்துச்சு, அந்தப் பாதிய மெசேஜ் எழுதுனவர் வசதியா குழப்பிட்டாரு. கடை வாடகைக்கு டில்லி கான் மார்க்கெட் கேஸ் இருக்கு, வாடகைய நிறுத்திவைக்க முடியாது, கட்ட கொஞ்சம் டைம் வேணா தரலாம்னு 2020 மே மாசம் டில்லி ஹைகோர்ட் சொல்லிடுச்சு. ஆர்டர் உள்துறை அமைச்சக வெப்சைட்ல இருக்கு, ரெண்டு பக்கந்தான், படிச்சு பாருங்க. குரூப்ல வந்தா ஃபார்வர்டு பண்ணாதீங்க ப்ளீஸ்.