கதவைச் சாத்திக்கொண்டு நடக்கிற தெரபி

மகனுக்கு இப்போது ஒன்பது வயது. மூன்று வயதில் ஆட்டிசம் என்று சொன்னார்கள். அதற்கப்புறம் இரண்டு வருடம், வாரத்தில் மூன்று நாள், ஒரு தெரபி சென்டரின் வராந்தா பெஞ்சில் நானும் என் மனைவியும் மாறி மாறி உட்கார்ந்திருந்தோம். உள்ளே முக்கால் மணி நேரம். கதவு சாத்தியிருக்கும். திறந்ததும் "இன்னிக்கு நல்லா உட்கார்ந்தான் சார்" என்பார்கள். வீட்டில் நாங்கள் என்ன செய்ய வேண்டும் என்று கேட்டால், "அதெல்லாம் நாங்க பார்த்துக்கிறோம்."

ஒருநாள் பெஞ்சில் சும்மா உட்கார்ந்திருந்தபோது கணக்குப் போட்டேன். வாரத்துக்கு 168 மணி நேரம். அதில் தெரபி இரண்டேகால் மணி. மிச்ச நேரமெல்லாம் பிள்ளை எங்களோடு. அதற்கு யார் சொல்லித் தருவது?

அதனால் சொல்கிறேன்: அம்மா அப்பாவை உள்ளே விடாத இடத்துக்குக் காசு கட்டாதீர்கள். தெரபிஸ்ட் நண்பர்களுக்குக் கோபம் வரலாம். பெற்றோர் இருந்தால் பிள்ளை அழும், கவனம் போகும் என்பீர்கள். சரி, நாலு நாள் அழட்டும். ஒரு மூலையில் எங்களை உட்கார வையுங்கள், வாயைத் திறக்க மாட்டோம்.

இப்போது போகிற இடத்தில் டீச்சர் முதல் நாளே கேட்டது, "காலையில எந்திரிச்சதுல இருந்து ராத்திரி படுக்கிற வரைக்கும் இவனுக்கு என்னென்ன நடக்கும், வரிசையாச் சொல்லுங்க." எனக்குச் சொல்லத் தெரியவில்லை. மனைவி இருபது நிமிடம் சொன்னாள். எந்தச் சட்டையின் காலர் உறுத்தும், குக்கர் விசில் அடிக்கும் முன்னால் அவனை எந்த அறைக்குக் கூட்டிப்போக வேண்டும், எல்லாம். அன்றைக்கு எனக்கு வந்த வெட்கம் கொஞ்சமில்லை.

தண்ணீர் விஷயத்தைக் கேளுங்கள். தாகம் எடுத்தால் மகன் என்னிடம் வந்து, "ஏல, தண்ணி வேணுமால?" என்பான். என்னைப் பார்த்து! நாங்கள் சிரிப்போம். டீச்சர்தான் விளக்கினார். ஆச்சி தண்ணீர் கொடுக்கும்போதெல்லாம் அவன் காதில் விழுந்த வாக்கியம் அது. தண்ணீர் வருவதற்கு அதுதான் சொல் என்று அவன் எடுத்துக்கொண்டிருக்கிறான். ஆகவே அவனிடம் கேள்வியாகக் கேட்காமல், அவன் சொல்ல வேண்டியதை அவன் இடத்திலிருந்து நாம் சொல்ல வேண்டுமாம். செம்பைக் கையில் வைத்துக்கொண்டு, "தண்ணி வேணும்." அவ்வளவுதான். எங்கள் அம்மைக்குத்தான் இது பெரிய பாடு. வாழ்நாள் முழுக்க "வேணுமால" என்று கேட்ட வாய். ஐந்து மாதம் ஆயிற்று. இப்போது "தண்ணி வேணும்ல" என்கிறான். அந்த 'ல' மட்டும் போகவில்லை. இருக்கட்டும், திருநெல்வேலிக்காரன்தானே.

பாளையங்கோட்டையில் நான் வைத்திருப்பது ஜெராக்ஸ் கடை. ஊரார் ஆதார் கார்டையெல்லாம் லேமினேட் செய்து கொடுத்தவன், அப்புறம்தான் மகனுக்குப் படக்கார்டு போட்டேன். பல் தேய்ப்பது, குளியல், இட்லி, ஷூ, வேன். வரிசையாகச் சுவரில் ஒட்டி, முடிந்ததை அவனே எடுத்து டப்பாவில் போடுவான். அடுத்து என்ன என்று தெரிந்துவிட்டால் பாதி அழுகை இல்லை. மாதாமாதம் வரும் பராமரிப்பு மின்தடைக்கும் ஒரு கார்டு உண்டு: ஃபேன் படம், மேலே சிவப்புக் கோடு. முன்பெல்லாம் ஃபேன் நின்றால் சுவரில் தலையை இடிப்பான். கார்டு வந்த பிறகு அமைதியாகப் பார்த்துக்கொண்டிருப்பான். ஒருமுறை அறிவிப்பு வந்தும் கரண்ட் போகவில்லை. ஃபேன் ஏன் நிற்கவில்லை என்று அதற்கு ஒரே அழுகை! நானே போய் மெயினை அணைத்துவிட்டு, நாங்கள் எல்லாரும் வேர்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம்.

சொந்தக்காரர்களிடம் கேட்பது ஒன்றுதான். வருவதற்கு முன் ஒரு போன் போடுங்கள், உங்கள் போட்டோவுக்கும் கார்டு இருக்கிறது. "ஆம்பளப் பிள்ள மெதுவாத்தான் பேசும்" என்ற பேச்சால் எங்களுக்கு ஒரு வருடம் போயிற்று. ஸ்டெம் செல் வைத்தியத்துக்கு விலாசம் தந்தவர்களும் உண்டு. ஆட்டிசத்துக்கு அது பரிந்துரைக்கத்தக்கதில்லை என்று தேசிய மருத்துவ ஆணையம் 2022-லேயே சொல்லிவிட்டது. ஆனித் தேருக்கு ஏன் பிள்ளையைக் கூட்டி வரவில்லை என்று டவுன் பெரியம்மைக்கு வருத்தம். முந்தின நாளே போய், நிற்கிற தேரைச் சுற்றிச் சுற்றி ஒரு மணி நேரம் பார்த்துவிட்டுத்தான் வந்தோம் பெரியம்மை. கூட்டமும் மேளமும்தான் அவனுக்கு ஆகாது.

வீட்டாருக்குச் சொல்லித் தருவது என் கண்டுபிடிப்பு இல்லை. உலக சுகாதார நிறுவனமே வளர்ப்பவர்களுக்கென்று ஒரு பயிற்சி வைத்திருக்கிறது. நம் பக்கத்தில், 1981-இல் தொடங்கிய ஆய்க்குடி அமர் சேவா சங்கத்தின் பணியாளர்கள் கிராமங்களில் வீடு தேடிப் போய் அம்மாக்களுக்குச் சொல்லித் தருகிறார்கள். அந்த முறை டவுனுக்குள் ஏன் அரிதாக இருக்கிறது என்பதுதான் எனக்குப் புரியவில்லை.

அரசுக் காகிதங்களில் ஆட்டிசத்துக்கு 'புற உலகச் சிந்தனையற்றோர்' என்று ஒரு பெயர் உண்டு. ஃபேன் நிற்காததற்கு அழுதவனுக்கு அந்தப் பெயர்! பெயரோடு சண்டை பிறகு போடலாம், மாற்றுத்திறனாளி சான்றிதழை முதலில் வாங்கிவிடுங்கள். 2016-ஆம் வருடத்து மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் ஆட்டிசம் தனி ஊனமாகச் சேர்ந்திருக்கிறது. மத்திய அரசின் தேசிய அறக்கட்டளை தரும் நிராமயா மருத்துவக் காப்பீடு ஒரு லட்சம் ரூபாய் வரை, தெரபிச் செலவுக்கும் உண்டு.

ஞாயிறு காலை மட்டும் அவனும் நானும் குறுக்குத்துறைப் படித்துறைக்குப் போய்விடுவோம். தண்ணீரைக் கண்டால் அவனுக்குப் பயமே கிடையாது, அதனால் கையை விடுவதில்லை. மனைவி எட்டு மணி வரை தூங்குவாள். அதற்குக் கார்டு போடவில்லை, ஆனால் மாற்றுவதும் இல்லை.

கார்டு ஃபைலெல்லாம் கடை கம்ப்யூட்டரில் இருக்கிறது. வேண்டியவர்கள் வாங்க, பிரின்டுக்கும் லேமினேஷனுக்கும் காசு வேண்டாம். வீட்டு ஆச்சியின் போட்டோவையும் கொண்டு வாங்க. புதன்கிழமை மட்டும் மூன்று மணிக்கு மேல் கடை பூட்டியிருக்கும், தெரபிக்கு உள்ளே இருப்பேன்.