முதல் ரவுண்டிலேயே பார்ட்டி ஏன் சரிகிறது?

"புத்தகக் கணக்குப்படி மீடியம் சண்டைதான். ஆனா ரெண்டாவது ரவுண்டு முடியறதுக்குள்ள பாதிப் பேர் தரையில." டேபிள்டாப் ஆர்பிஜி (மேசையைச் சுற்றி உட்கார்ந்து டைஸ் உருட்டி ஆடும் வேட விளையாட்டு) நடத்தும் யாரைக் கேட்டாலும் இந்தப் புலம்பல் வரும். பிளேயர்கள் ஆடும் கதாபாத்திரக் குழுதான் பார்ட்டி. டைஸ் மோசம் என்பார்கள், இல்லாவிட்டால் பிளேயர்களுக்கு விளையாடத் தெரியவில்லை என்பார்கள். இரண்டையும் நான் ஒப்புக்கொள்வதில்லை. டைஸ் மோசமாக விழத்தான் செய்யும். அதையும் எதிர்பார்த்துத்தான் சண்டையைத் தயார் செய்ய வேண்டும். பெரும்பாலும் கோளாறு இனிஷியேட்டிவ் (யார் முதலில் என்ற வரிசை) உருட்டுவதற்கு முன்பே நடந்து முடிந்திருக்கிறது. டிஎம் (விளையாட்டை நடத்துபவர்) மான்ஸ்டர்களின் எக்ஸ்பி (அனுபவப் புள்ளி) எண்களைக் கூட்டிப் பார்த்தார், ஸ்டேட் பிளாக்கை (மான்ஸ்டரின் திறன் பட்டியல்) முழுசாகப் படிக்கவில்லை. அவ்வளவுதான் விஷயம்.

டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஐந்தாம் பதிப்பின் 2014 விதிகளையே எடுத்துக்கொள்வோம். அதில் ஒரு மான்ஸ்டரின் சேலஞ்ச் ரேட்டிங் (சி.ஆர்.) 3 என்றால், மூன்றாம் லெவலில் உள்ள நான்கு பேர் யாரும் சாகாமல் அதை ஜெயிக்க முடியும் என்று பொருள். நன்றாக ஓய்வெடுத்திருக்க வேண்டும், தேவையான ஆயுதங்களும் கையில் இருக்க வேண்டும் என்ற நிபந்தனைகளும் அதே வாக்கியத்தில் இருக்கின்றன. மூன்றே பேர் வந்திருக்கிற அன்றைக்கு, ஸ்பெல் ஸ்லாட் (மந்திரம் போடும் வாய்ப்பு) எல்லாம் தீர்ந்த பிறகு, வெள்ளி ஆயுதம் ஒன்றுகூட இல்லாமல் வேர்வுல்ஃபை (ஓநாய் மனிதன்) இறக்கிவிட்டு "சி.ஆர். மூணுதானே" என்று சொல்வதில் நியாயமே இல்லை. 2014 வேர்வுல்ஃபுக்கு 58 ஹெச்பி (உயிர்ப் புள்ளிகள்). வெள்ளி பூசாத, மந்திரம் இல்லாத ஆயுதத்தால் அடித்தால் டேமேஜ் பூஜ்யம். அந்தச் சண்டையில் ஃபைட்டர் (ஆயுத வீரர்) வெறும் பார்வையாளர்.

எண்ணிக்கையைப் பார்ப்போம். முதல் லெவல் பார்ட்டி, நான்கு பேர். எதிரே நான்கு காப்ளின்கள். ஒன்றுக்கு 50 எக்ஸ்பி, மொத்தம் 200. மூன்று முதல் ஆறு மான்ஸ்டர்கள் வரை இரண்டால் பெருக்க வேண்டும் என்பதால் 400. முதல் லெவலில் ஆளுக்கு 100 எக்ஸ்பி வந்தால் "டெட்லி", அதாவது உயிராபத்தான சண்டை. ஆக, எல்லோரும் சாதாரணம் என்று நினைக்கிற நான்கு காப்ளின் சண்டை சரியாக டெட்லி எல்லையில் நிற்கிறது. 2024 விதிகளில் அந்தப் பெருக்கலை எடுத்துவிட்டார்கள். அதே 200 எக்ஸ்பி அங்கே ஆளுக்கு 50 ஆகிறது. அது "லோ", அதாவது இருப்பதிலேயே எளிய படி. காப்ளின்கள் இப்போதும் நான்குதான், ஒன்றுக்கு அதே 50 எக்ஸ்பிதான். இரண்டு புத்தகமும் பொய் சொல்லவில்லை. ஆனால் இந்த எண்ணை எவ்வளவு தூரம் நம்பலாம் என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்ட முடியாது.

உண்மையில் அந்தச் சண்டையைத் தீர்மானிப்பது காப்ளின்கள் யாரைக் குறிவைக்கின்றன என்பதுதான். காப்ளினின் அட்டாக் +4, டேமேஜ் 1டி6+2 (ஆறு பக்க டைஸ் ஒன்று, அதோடு இரண்டு). ஏசி (தற்காப்பு எண்) 12 உள்ள விசார்டை (மந்திரவாதி) அடிக்க டி20-ல் (இருபது பக்க டைஸ்) 8 வந்தால் போதும், அதாவது 65 சதவீத வாய்ப்பு. நான்கும் ஒரே ரவுண்டில் அவரையே அடித்தால் சராசரி 14 டேமேஜ். அவருக்கு இருப்பது 8 ஹெச்பி. அதே நான்கு அம்புகள் ஏசி 16 உள்ளவர்கள் மீது பிரிந்து விழுந்தால் ஆளுக்கு இரண்டு மூன்று டேமேஜோடு போகும். ஒன்று படுகொலை, மற்றது நல்ல தொடக்கச் சண்டை. அட்டவணையில் இரண்டுக்கும் ஒரே எண்.

ஓர்க் இன்னும் மோசம். கிரேட் ஆக்ஸ் (பெரிய கோடாரி) 1டி12+3. கிரிட்டிக்கல் (டி20-ல் 20) விழுந்தால் 2டி12+3, சராசரி 16. பூஜ்யத்துக்குக் கீழே போகிற மிச்ச டேமேஜ் முழு ஹெச்பி அளவுக்கு இருந்தால் டெத் சேவ் (சாவிலிருந்து தப்ப உருட்டும் வாய்ப்பு) எதுவும் கிடையாது, உடனே சாவு. 8 ஹெச்பி விசார்டுக்கு அந்த எல்லை 16. ஆக, ஓர்க்கின் ஒவ்வொரு கிரிட்டிக்கலும் பாதிக்கு மேற்பட்ட தடவை அவரை நேராகக் கொன்றுவிடும். முதல் லெவலில் ஓர்க்கை இறக்குகிறவர்கள் அதன் கையில் ஈட்டியைக் கொடுங்கள், கோடாரி இரண்டாம் லெவலுக்குக் காத்திருக்கட்டும்.

டேமேஜ் கணக்காவது பரவாயில்லை, உட்கார்ந்தால் போட்டுவிடலாம். அட்டவணையில் அகப்படாத விஷயங்கள்தான் பார்ட்டியை முடிக்கின்றன. இன்டெலெக்ட் டிவவரர் என்ற மான்ஸ்டர் சி.ஆர். 2, 450 எக்ஸ்பி. இரண்டாம் லெவல் நால்வருக்கு இது மீடியம். அதன் முக்கியத் தாக்குதல் பத்தடி தூரத்தில் இருக்கும் ஒருவர் மீது: டிசி 12 இன்டெலிஜென்ஸ் சேவ் (உருட்டி 12-ஐ எட்டினால் தப்பலாம்). தோற்றால் டேமேஜ் போக 3டி6 உருட்ட வேண்டும், அது அவருடைய இன்டெலிஜென்ஸ் ஸ்கோரை எட்டினால் ஸ்கோர் பூஜ்யம், ஆள் ஸ்டன் (செயலற்றுப் போவது). இன்டெலிஜென்ஸ் 8 வைத்திருக்கும் ஃபைட்டர் சேவில் தோற்க 60 சதவீத வாய்ப்பு. 3டி6-ல் 8 அல்லது அதற்கு மேல் வர 84 சதவீதம். இரண்டையும் பெருக்கினால் ஒவ்வொரு தடவையும் ஏறக்குறைய பாதிக்குப் பாதி. சரிசெய்ய கிரேட்டர் ரெஸ்டொரேஷன் மந்திரம் வேண்டும், கிளெரிக்குக்கு (குணப்படுத்தும் பூசாரி) அது கிடைப்பது ஒன்பதாம் லெவலில். இரண்டாம் லெவல் பார்ட்டிக்கு இதை மீடியம் என்று சொல்வதை என்னால் ஏற்க முடியாது.

ஷேடோ என்ற மான்ஸ்டரும் இதே ரகம். சி.ஆர். அரைதான். ஆனால் ஒவ்வொரு அடியும் ஸ்ட்ரெங்க்த்தில் 1டி4 குறைக்கும், பூஜ்யமானால் சாவு. மூன்று ஷேடோக்கள் மூன்றாம் லெவல் நால்வருக்கு மீடியம் என்று கணக்கு வரும். ஸ்ட்ரெங்க்த் 8 உள்ள விசார்டை மூன்றும் சூழ்ந்தால் சராசரியாக இரண்டு ரவுண்டில் கதை முடியும். ஹெச்பி போய் விழுந்தவரைக் கிளெரிக் ஒரு ஹீலிங் வேர்டு மந்திரத்தில் எழுப்பிவிடலாம். ஸ்ட்ரெங்க்த் போனவரை எழுப்ப முடியாது, செத்தவரை உயிர்ப்பிக்கும் ரிவிவிஃபை மந்திரம் கைக்கு வர இன்னும் இரண்டு லெவல் ஆகும்.

அதனால் ஸ்டேட் பிளாக்கில் முதலில் தேட வேண்டியது ஹெச்பியோ ஏசியோ இல்லை. ஸ்டன், பாராலைஸ், ஸ்கோர் குறைப்பு, நேராகப் பூஜ்யத்துக்குத் தள்ளுவது, இந்த நான்கில் ஏதாவது இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் எந்த சேவ் என்று பார்த்து, பார்ட்டியில் அந்த சேவில் யார் பலவீனம் என்று எழுதிக்கொள்ளுங்கள். பிறகு அதைக் குணப்படுத்தும் வழி இந்த லெவலில் இவர்களிடம் இருக்கிறதா? இல்லையென்றால் அந்த மான்ஸ்டர் வேண்டாம், அல்லது குணப்படுத்தும் பொருளை அதே இடத்தில் வையுங்கள். இதற்குப் பத்து நிமிஷம் போதும்.

அடுத்தது ஒற்றைப் பெரிய மான்ஸ்டர். நால்வருக்கு நான்கு டர்ன், அதற்கு ஒன்று. தனி மான்ஸ்டர் சப்பையாகத் தோற்கிறது என்று பார்த்த டிஎம், அடுத்த தடவை இரண்டு சி.ஆர். ஏற்றுவார். அங்கேதான் மாட்டிக்கொள்கிறார். யங் ஒயிட் டிராகன் சி.ஆர். 6, 2300 எக்ஸ்பி. ஐந்தாம் லெவல் நால்வருக்கு மீடியமுக்குக் கொஞ்சம் மேலே. அதன் மூச்சு 30 அடி நீளக் கூம்பு, 10டி8, சராசரி 45 டேமேஜ், டிசி 15 கான்ஸ்டிடியூஷன் சேவ். கான்ஸ்டிடியூஷன் 14 வைத்த ஐந்தாம் லெவல் விசார்டுக்கு 32 ஹெச்பி, ஃபைட்டருக்கு 44. சேவில் தோற்றால் முழு ஹெச்பியோடு நிற்கும் ஃபைட்டரும் விழுவார். நால்வரும் ஒரே நடைபாதையில் வரிசையாக வருகிறார்கள் என்றால் முதல் டர்னிலேயே இரண்டு பேர் காலி. அறையை 60 அடி அகலமாக்கி, நடுவில் பனித்தூண்கள் வைத்து, டிராகன் மேலே வட்டமடிப்பதை அவர்கள் முன்கூட்டியே பார்க்கட்டும். ஸ்டேட் பிளாக்கில் ஒரு எழுத்தைக்கூட மாற்றத் தேவையில்லை.

கடினத்தைக் கூட்ட வேண்டும் என்றால் ஹெச்பியை ஏற்றுவதுதான் பலரின் முதல் யோசனை. இதை நான் முழுதாக எதிர்க்கிறேன். 84 ஹெச்பி ட்ரோலுக்கு 150 கொடுத்தால் ஆபத்து கூடாது, சலிப்புதான் கூடும். கடைசி மூன்று ரவுண்டில் எல்லோரும் "அட்டாக், 14 டேமேஜ்" என்று சொல்லிக்கொண்டிருப்பார்கள். பார்ட்டி ஒரு ரவுண்டில் கொடுக்கும் டேமேஜை முன்பே கணக்கிடுங்கள்: ஒவ்வொருவரின் சராசரி டேமேஜையும் கூட்டி 0.65-ஆல் (அடி படும் வாய்ப்பு) பெருக்கினால் கிட்டத்தட்ட சரியாக இருக்கும். அது 40 என்றால், ரவுண்டுக்குப் பத்து ஹெச்பி ரீஜெனரேஷன் (காயம் தானாக ஆறுவது) செய்யும் ட்ரோல் மூன்று ரவுண்டில் விழும். நல்ல சண்டைக்கு அதுவே போதுமான நீளம். நெருப்பு பட்டால் ரீஜெனரேஷன் அடுத்த டர்னுக்கு நின்றுவிடும், ஒரு சாதாரண டார்ச்சால் அடித்து ஒரே ஒரு ஃபயர் டேமேஜ் கொடுத்தாலும் சரி. இந்தத் தகவல் பிளேயர்களுக்குத் தெரியாவிட்டால் ட்ரோல் கடினம், தெரிந்தால் சுவாரஸ்யம். சொல்லிவிடுங்களேன். முதல் வெட்டுக் காயம் மூடுவதை வர்ணிக்கும்போதே, டார்ச் பிடித்தவர் பக்கம் அது போகத் தயங்குகிறது என்றும் சேர்த்துச் சொன்னால் முடிந்தது.

தப்பி ஓடுவது பற்றி. "அவங்க ஓடியிருக்கலாமே" என்பது டிஎம்கள் அடிக்கடி சொல்லும் சாக்கு. ஐந்தாம் பதிப்பு விதிகளில் ஓடிப் பாருங்கள். பெரும்பாலான கேரக்டருக்கு வேகம் 30 அடி. ஓநாய்க்கு 40. டிஸ்என்கேஜ் (அடி வாங்காமல் விலகுவது) செய்தால் ஆக்‌ஷன் போய்விடும், டாஷ் (இரட்டிப்புத் தூரம் ஓடுவது) செய்ய முடியாது. டாஷ் செய்தால் ஆப்பர்ச்சூனிட்டி அட்டாக் (விலகுகிறவர் மீது எதிரி போடும் அடி) விழும். நடுவில் ஒருவர் மயங்கிக் கிடந்தால் அவரைத் தூக்கிக்கொண்டு ஓடவும் வேண்டும். பிளேயர்கள் கடைசிவரை நின்று சாவது வீம்பால் அல்ல, விதிகள் அவர்களை அங்கே கட்டிப்போடுகின்றன. எனவே வழியை டிஎம்தான் போட்டு வைக்க வேண்டும். பெரிய உடம்பு நுழைய முடியாத இடுக்கு, உள்ளிருந்து தாழிடக்கூடிய கதவு, இழுத்துவிட்டால் அறுந்து விழும் பாலம், ஏதாவது ஒன்று. இன்னொன்று: எல்லோரும் ஓடுகிறோம் என்று ஒருமித்துச் சொன்னால் இனிஷியேட்டிவ் அங்கேயே நிற்கும், துரத்தல் தனியாக ஆடப்படும் என்று கேம்பெய்ன் தொடக்கத்திலேயே சொல்லி வையுங்கள். ஆப்பர்ச்சூனிட்டி அட்டாக்குக்குச் செலவாவது ரியாக்‌ஷன், ஒரு மான்ஸ்டருக்கு ரவுண்டுக்கு ஒரே ஒரு ரியாக்‌ஷன்தான். ஆகவே நான்கு பேரும் ஒரே ரவுண்டில் கிளம்பினால் ஆப்பர்ச்சூனிட்டி அட்டாக் ஒருவருக்கு மட்டுமே விழும். பல பிளேயர்களுக்கு இது தெரியாது.

பழைய விளையாட்டில் இந்தப் பிரச்சினை இவ்வளவு இல்லை. டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸின் 1981 பேசிக் விதிகளில் மான்ஸ்டரைச் சந்தித்ததும் அதன் மனநிலையைப் பார்க்க 2டி6 ரியாக்‌ஷன் உருட்டல் உண்டு. அது எப்போதும் பாய்ந்து கடிப்பதில்லை. மொரேல் (மனத்துணிவு) எண் உண்டு, காப்ளினுக்கு 7. கூட்டத்தில் முதல் ஆள் செத்ததும் 2டி6 உருட்டி, மொரேலைவிட அதிகம் வந்தால் ஓடிவிடும். எக்ஸ்பியும் பெரும்பாலும் புதையலுக்குத்தான், கொலைக்கு அல்ல. சண்டையைத் தவிர்த்துவிட்டுத் தங்கத்தை எடுத்துப் போனால் லாபம். மொரேலை மட்டுமாவது இன்றைய கேமுக்குக் கடன் வாங்குங்கள், ஒரு வரி விதிதான்.

பாத்ஃபைண்டர் என்ற இன்னொரு ஆர்பிஜியின் இரண்டாம் பதிப்புக் கணக்கு இவற்றைவிட நம்பகமானது. அங்கே மீடியத்துக்கு இணையான மாடரேட் நால்வருக்கு 80 எக்ஸ்பி, செவியர் (கடுமையான சண்டை) 120. ஆனால் அங்கும் ஒரு பொறி உண்டு. அதே லெவல் மான்ஸ்டர் மூன்று வந்தாலும் 120, மூன்று லெவல் மேலே உள்ள ஒன்று வந்தாலும் 120. ஏசியைவிடப் பத்து அதிகம் வந்தாலே அங்கே கிரிட்டிக்கல் என்பதால் இரண்டாவது வகையில் கிரிட்டிக்கல்கள் சரமாரியாக விழும், பார்ட்டியின் ஸ்பெல்கள் பாதி வீணாகும். முதல் இரண்டு லெவல்களில் தனி மான்ஸ்டரை இரண்டு லெவலுக்கு மேல் ஏற்றாதீர்கள்.

சண்டை நடுவில் கைமீறுகிறது என்றால்? திரைக்குப் பின்னால் டைஸை மாற்றிச் சொல்வதை நான் விரும்புவதில்லை. ஒரு தடவை பிளேயர் கண்டுபிடித்துவிட்டால் பிறகு விழும் எந்த 20-க்கும் மரியாதை இருக்காது. மான்ஸ்டரின் நடத்தையை மாற்றுங்கள், அது முழுக்க உங்கள் கையில். மயங்கிக் கிடப்பவரை ஐந்தடிக்குள் இருந்து அடித்தால் தானாகவே கிரிட்டிக்கல், இரண்டு டெத் சேவ் தோல்வி. மல்ட்டிஅட்டாக் உள்ள மான்ஸ்டர் இரண்டு முறை அடித்தால் ஆள் முடிந்தார். பசித்த மிருகம் அப்படி அடிக்காது, கிடைத்ததை இழுத்துக்கொண்டு குகைக்குள் போகும். கொள்ளைக்காரர்கள் கட்டிப்போட்டுப் பணயத்தொகை கேட்பார்கள். எதிரிகளைத் தொடக்கத்திலேயே இரண்டு அலையாகப் பிரித்து, பாதியை மூன்றாவது ரவுண்டில் வருவதாக வைத்திருந்தால் இன்னும் வசதி. பார்ட்டி திணறினால் இரண்டாவது அலை ஐந்தாவது ரவுண்டில் வரட்டும், இல்லை வெளியே கேட்ட சத்தத்தைப் பார்க்கப் போயிருக்கட்டும். சும்மா ஜெயித்துக்கொண்டிருந்தால் இரண்டாவது ரவுண்டிலேயே கதவைத் திறந்துவிடுங்கள்.